மோவாபிலிருந்து வந்த மருமகள்



மும்பையில் பைகுலாவிலும், கொச்சியில் மட்டாஞ்சேரியிலும், கொல்கத்தாவின் பழைய வணிக வீதிகளுக்கு நடுவிலும், தில்லியில் ஹுமாயூன் சாலையிலும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. கொச்சியிலுள்ளது 1568-ஆம் ஆண்டில் எழுந்தது; பைகுலாவிலுள்ளது 1864-இலும், கொல்கத்தாவின் மாகேன் தாவீது ஆலயம் 1884-இலும் தோன்றியவை; தில்லி ஆலயம் 1956-இல் கட்டப்பெற்றது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழருள் பலர் இவற்றின் வாயிலை நாள்தோறும் கடந்து சென்றிருக்கக்கூடும். அம் மக்களின் மறைநூலில் மிகச் சிறியதும், என் எண்ணத்தில் மிக இனியதுமான ஒரு பகுதியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். பஸ்காவின் இரண்டாம் நாள் தொடங்கி ஏழு வாரம் எண்ணி, மே அல்லது ஜூன் மாதத்தில் அவர்கள் வாரங்களின் திருநாளைக் கொண்டாடுகின்றனர். பண்டைய பாலஸ்தீனத்தில் வாற்கோதுமை அறுவடை முடிந்து கோதுமை அறுவடை நடக்கும் காலம் அது. பல யூத சமூகங்களில் அந்நாளில் வாசிக்கப்பெறுவது ரூத்தின் நூல்.

நான்கே அதிகாரங்கள், எண்பத்தைந்தே வசனங்கள். அரசனும் போரும் தீர்க்கதரிசியும் அதில் இல்லை, கடல் பிளப்பதில்லை, வானத்திலிருந்து குரல் எழுவதில்லை. கடவுள் நேராகச் செய்தார் என்று நூலாசிரியர் தம் வாக்காகச் சொல்வது இரண்டே இடங்களில்தான்: பஞ்சம் தீர்ந்து மக்களுக்கு உணவு கிடைத்தது ஓரிடம், பிள்ளையில்லாத பெண் கருவுற்றது மற்றோரிடம். எஞ்சியதெல்லாம் மனிதர் மனிதருக்குச் செய்தவை. கிறித்தவர் வேதாகமத்தில் இந்நூல் நியாயாதிபதிகளின் நூலை அடுத்து நிற்கின்றது. நியாயாதிபதிகளின் நூலோ அதன் முடிவுப் பகுதியில், பெத்லகேமைச் சேர்ந்த ஒரு பெண் தன்னைக் காக்கவேண்டியவனாலேயே கொடியவர் கையில் தள்ளப்பட்டு மாண்ட கதையைச் சொல்லுகின்றது. அதே பெத்லகேமுக்கு அடுத்த பக்கத்தில் வேறொரு பெண் வந்து சேர்கிறாள். எபிரெய மூலத்தில் நூல்களின் வரிசை வேறு. ஆயினும் இந்த அண்டைமை படிப்போர் மனத்தைத் தொடாமற் போகாது.

பழைய யூத மறைநூலில் குடும்பங்களைப் பற்றிய கதைகள் ஏராளம். அவற்றுட் பல, உறவு எவ்வாறு முறிந்தது என்பதையே கூறுகின்றன. காயீன் தம்பியைக் கொன்றான். யாக்கோபு பார்வை மங்கிய தந்தையை ஏமாற்றினான். யோசேப்பை உடன்பிறந்தவர்களே விற்றனர். இரத்த உறவு ஒன்றே ஒருவரை ஒருவர் காக்கப் போதுமானதன்று என்பதை அந்நூல்கள் மறைக்க முயலவில்லை. இவற்றுக்கு நடுவில், இரத்த உறவே இல்லாத இரு பெண்கள், ஒரு மாமியும் மருமகளும், ஒருவரையொருவர் விட்டு நீங்காமல் நின்ற வரலாறு தனித்து ஒளிவீசுகின்றது.

கதை பஞ்சத்தில் தொடங்குகின்றது. பெத்லகேம் என்னும் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். அவ்வூரில் அப்பம் இல்லாமற் போயிற்று. எலிமெலேக்கு என்பவன் தன் மனைவி நகோமியையும் மக்லோன், கிலியோன் என்ற இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு மோவாப் நாட்டுக்குச் சென்றான். இங்கே எபிரெய மூலம் கையாளும் மூன்று வினைச்சொற்கள் கருதத்தக்கவை. முதலில், சில காலம் தங்கிவரச் சென்றான் என்கிறது. அடுத்து, அங்கே இருந்தார்கள் என்கிறது. பின்னர், குடியிருந்தார்கள் என்கிறது. அதற்குள் ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்துவிட்டது. பிழைப்பை நாடி வெளியூர் வந்தவர்களுக்கு இந்த மூன்று சொற்களுக்கும் உரையாசிரியர் தேவையில்லை.

மோவாப் தொலைதேசமன்று. பெத்லகேமை அடுத்த குன்றுகளில் நின்று கிழக்கே நோக்கினால், கடல் மட்டத்திற்கு நானூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்து கிடக்கும் சாக்கடலுக்கு அப்பால் அதன் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். இன்றைய ஜோர்தான் நாட்டின் ஒரு பகுதி அது. ஆயினும் இரு மக்களுக்கும் இடையே பகை பெரிது. 1868-இல் தீபான் என்னும் இடத்தில் ஒரு கருங்கல் கண்டெடுக்கப்பட்டது. பிறகு அது உடைக்கப்பட்டுத் துண்டுகளாகச் சேகரிக்கப்பெற்று, பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையை அடைந்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் மேசா என்ற மோவாபிய மன்னன் பொறித்த முப்பத்து நான்கு வரிகள் அதில் உள்ளன. இஸ்ரவேலரை வென்ற பெருமையைத் தன் தெய்வமாகிய காமோசுக்கு அவன் உரிமையாக்குகிறான். கல்வெட்டின் மொழியோ எபிரெயத்திற்கு மிக அண்மையானது. பெத்லகேம் பெண் பேசுவதை மோவாபியப் பெண் பெரும்பாலும் விளங்கிக்கொண்டிருப்பாள். மொழி நெருங்கியும் மனம் நெருங்காத அண்டை நாட்டார் உலகில் இவ்விருவர் மட்டுமல்லர். யூதர்களின் சட்டநூலாகிய உபாகமமோ இன்னும் கடுமையாக, மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்று விதிக்கின்றது. எகிப்திலிருந்து வந்தவர்களை அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொள்ளவில்லை என்பது, அதற்கு அந்நூல் கூறும் காரணங்களுள் ஒன்று. அந்த மோவாபுதான் இப்போது பெத்லகேம் குடும்பத்திற்கு அப்பம் அளித்தது. நூலாசிரியர் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. வாசகர் காணட்டும் என்று விட்டுவிட்டார்.

எலிமெலேக்கு இறந்தான். புதல்வர்கள் மோவாபியப் பெண்களை மணந்தனர். ஒருத்தி ஓர்பாள், மற்றொருத்தி ரூத். பிள்ளைப்பேறு காணாமலே புதல்வர் இருவரும் இறந்தனர். ஒரு வீட்டில் மூன்று கைம்பெண்கள் எஞ்சினர். கணவனோ மகனோ இல்லாத பெண்ணுக்கு நிலமும் வழக்குரைக்கும் வாயும் அரிதாயிருந்த காலம் அது. ஊரில் பஞ்சம் தீர்ந்தது என்று கேள்வியுற்று நகோமி புறப்பட்டாள். மருமக்கள் உடன் புறப்பட்டனர். வழியிலே அவள் நின்று, அவரவர் தம் தாய் வீட்டுக்குத் திரும்புமாறு வேண்டினாள். இறந்தவர்களுக்கும் தனக்கும் அவர்கள் காட்டிய பரிவைக் கடவுளும் அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று வாழ்த்தினாள். தனக்கு இனிப் பிள்ளை பிறக்கப்போவதில்லை. இன்றிரவே பிறந்தாலும் அவன் வளரும்வரை இவர்கள் காத்திருப்பது எங்ஙனம்? இறந்தவன் மனைவியை அவன் உடன்பிறந்தான் மணந்து குடியைத் தழைக்கச் செய்யும் பழைய வழக்கத்தை மனத்தில் வைத்தே அவள் இப்படிப் பேசுகிறாள். மூவரும் ஓங்கி அழுதனர்.

ஓர்பாள் மாமியை முத்தமிட்டுத் திரும்பிச் சென்றாள். பிற்கால யூத மரபுக் கதைகள் இவளைப் பழித்தன; கோலியாத்து என்னும் அரக்கனையொத்த வீரனுக்கு இவளைத் தாயாக்கியும் சொல்லிவைத்தன. மூலநூலில் அத்தகைய பழி ஒன்றுமில்லை. மாமி சொன்ன சொல்லைக் கேட்டு நடந்தவள் அவள். நகோமி வாழ்த்திய பரிவில் அவளுக்கும் சமபங்கு இருந்தது. கடமை எந்த எல்லைவரை செல்லுமோ அந்த எல்லைவரை வந்து அழுது பிரிந்தவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஓர்பாள் செய்தது நேர்மையானதாக இருப்பதால்தான், ரூத் செய்தது அதற்கும் அப்பாற்பட்டது என்பது நமக்குப் புலனாகின்றது.

ரூத் நகோமியைப் பற்றிக்கொண்டாள். ‘பற்றிக்கொண்டாள்’ என்பதற்கு மூலத்திலுள்ள வினைச்சொல், ஆதியாகமத்தின் தொடக்கத்தில் மனிதன் தாய் தந்தையரை விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்னுமிடத்தில் வரும் அதே சொல். மணவாழ்வின் பிணைப்பைக் குறித்த சொல்லை, மாமிக்கும் மருமகளுக்கும் இடையே நூலாசிரியர் வைத்தது தற்செயலாக இராது. அடுத்து ரூத் உரைக்கும் உறுதிமொழி உலகப் புகழ்பெற்றது. மேலைநாட்டார் அதை இன்று திருமணங்களில் மணமக்களுக்காக வாசிப்பதுண்டு. மாமியாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதைச் சிலர் மறந்திருக்கவும் கூடும்! அவ்வுறுதியின் படிகளை நோக்குங்கள். முதலில் வழிநடை, அடுத்து தங்கும் இடம், அடுத்து மக்கள், அடுத்து கடவுள், பின்னர் மரணமும் அடக்கமும். கடவுளைப் பற்றிய கொள்கையை ஆராய்ந்து தெளிந்து அதன்பின் நகோமியைத் தேர்ந்தாள் என்று இல்லை. நகோமியைத் தேர்ந்தாள், அவளுடைய கடவுளும் இவளுக்குக் கடவுளானார். இந்நூல் காட்டும் சமயப்பற்று குடும்பப்பற்றின் வாயிலாகவே உள்ளே நுழைகின்றது. இறந்தபின் கிடக்கும் மண்ணையும் சேர்த்துச் சொன்னதால், மாமி மறைந்த பின்னரும் திரும்புவதில்லை என்பது அவள் கருத்து.

இத்தனையும் கேட்ட நகோமி என்ன மறுமொழி சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை. அவள் உறுதியைக் கண்டு பேச்சை நிறுத்திக்கொண்டாள் என்று மட்டுமே நூல் கூறும். இருவரும் பெத்லகேம் வந்தடைந்தபோது ஊர்ப்பெண்கள் கூடி, இவள் நகோமிதானா என்று வியந்தனர். நகோமி என்றால் இனிமை. தன்னை இனி அப்பெயரால் அழைக்கவேண்டா, கசப்பு என்று பொருள்படும் மாரா என்றே அழையுங்கள் என்றாள் அவள். நிறைவோடு போனேன், கடவுள் என்னை வெறுமையாகத் திரும்பச் செய்தார் என்று வெளிப்படையாகக் கடவுள்மேல் குறை கூறினாள். அவள் பக்கத்திலேயே ரூத் நின்றிருந்தாள்! வெறுங்கையோடு வந்ததாக மாமி ஊரறியச் சொன்னபோது மருமகளின் முகம் எப்படி இருந்தது என்பதை நூலாசிரியர் எழுதவில்லை. அவள் அதற்காகச் சினந்ததாகவும் குறிப்பில்லை.

நகோமியின் இந்த முறையீட்டைச் சமயப்பற்றின் குறைவு என்று கொள்வது தவறு. யோபின் நூலிலும் சங்கீதங்களிலும் இத்தகைய குரல் மீண்டும் மீண்டும் எழுகின்றது. இல்லாத ஒருவரை நோக்கி யாரும் இவ்வளவு கசப்போடு வழக்காட மாட்டார்கள். பண்டைய யூதரின் இறைப்பற்று பணிந்து கும்பிடுவதோடு நின்றதன்று. வீட்டுப் பெரியவரிடம் உரிமையோடு சண்டையிடும் பிள்ளையின் பற்றும் அதில் அடங்கும்.

இவர்கள் வந்த வேளை வாற்கோதுமை அறுவடையின் தொடக்கம். கேசேர் என்னும் பழம்பதியில் 1908-இல் கிடைத்த ஒரு சிறு சுண்ணாம்புக்கல் ஏடு, கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததென்பர். அதில் உழவர் பருவங்கள் மாதவாரியாகக் கீறப்பட்டிருக்கின்றன. வாற்கோதுமை அறுக்கும் மாதம் அதில் தனியே காணப்படுகின்றது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கலாகாது, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது, அவற்றை ஏழைக்கும் அயல்நாட்டானுக்கும் விட்டுவிடவேண்டும் என்று லேவியராகமம் விதித்திருந்தது. உபாகமம் அந்த வரிசையில் திக்கற்ற பிள்ளையையும் கைம்பெண்ணையும் சேர்த்தது. ரூத் ஏழை, அயல்நாட்டாள், கைம்பெண் ஆகிய மூன்றும் ஆனவள். ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, வயலில் கூலியாட்களுக்கு நடுவே ஓர் இளம்பெண் தனியே கதிர் பொறுக்குவது வேறு. அவளைத் தொடக்கூடாது என்று வயலுக்குரியவன் தன் ஆட்களுக்குக் கட்டளையிட நேர்ந்ததிலிருந்தே, அங்கிருந்த அபாயம் நமக்கு விளங்கும்.

வயலுக்குரியவன் பெயர் போவாஸ், எலிமெலேக்கின் உறவினன். இவன் சட்டம் கேட்டதைச் செய்து நின்றுவிடவில்லை. தண்ணீர்க் குடத்தில் அவளும் மொண்டு குடிக்கட்டும் என்றான். தன் ஆட்களோடு உணவுண்ண அமர்த்தினான். அரிக்கட்டுகளிலிருந்தே சில கதிர்களை வேண்டுமென்றே உருவி அவள் வழியில் போடுமாறு ஆட்களிடம் சொல்லிவைத்தான். அன்று மாலை அவள் தட்டியெடுத்த தானியம் ஓர் எப்பா அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 22 லிட்டர் என்று மதிப்பிடுவர். கதிர் பொறுக்கியவர் ஒரு நாளில் வீட்டுக்குக் கொண்டுசெல்லக்கூடிய அளவு அன்று அது. தானியத்தோடு மற்றொன்றையும் அவள் கொண்டுசென்றாள். நண்பகலில் தனக்குக் கொடுத்த வறுத்த கதிரில், தான் உண்டது போக எஞ்சியதை முடிந்துவைத்திருந்தாள். அதை எடுத்து மாமிக்குக் கொடுத்தாள். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம், மலைவழியில் அவள் செய்த பெரிய உறுதிமொழியைவிட இதுவே என்னை மிகுதியும் உருக்குகின்றது.

அறுவடை முடிந்தது. இப்போது நகோமி விழித்துக்கொள்கிறாள். ரூத்துக்கு ஒரு வாழ்விடம் தேடுவது தன் பொறுப்பு என்று உணர்ந்து, நெற்றிவேர்வை உலராத களத்திலே போவாஸ் இரவு படுத்துறங்கும்போது அவன் காலடியிற் சென்று கேட்குமாறு அவளை அனுப்புகிறாள். துணிவான ஏற்பாடு, பழிக்கு இடமளிக்கும் ஏற்பாடும்கூட. நள்ளிரவில் விழித்தவனிடம் ரூத், உம் ஆடையின் ஓரத்தை என்மேல் விரியும், நீர் எம்மை மீட்கும் உரிமையுடைய உறவினர் என்ற கருத்தில் பேசினாள். ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்குச் சிறகு என்றும் பொருள் உண்டு. முன்பு வயலில், இஸ்ரவேலின் கடவுளுடைய சிறகின்கீழ் நீ அடைக்கலம் வந்தாய் என்று போவாஸ் வாழ்த்தியிருந்தான். அந்தச் சொல்லையே அவனிடம் திருப்பித் தருகிறாள் இந்த அயல்நாட்டுப் பெண். கடவுளின் சிறகை வாயால் வாழ்த்தினால் போதாது, உம் சிறகு எங்கே என்று கேட்டதுபோல் இருக்கின்றது அது. விடியுமுன் அவன் அவள் முந்தானையில் ஆறுபடி அளவை வாற்கோதுமையைக் கொட்டி, மாமியிடம் வெறுமையாகப் போகாதே என்றான். வெறுமை என்ற சொல், ஊர்வாயிலில் நகோமி கண்ணீரோடு சொன்ன அதே சொல்.

போவாஸைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருந்தான். வழக்கு ஊர்வாயிலுக்கு வந்தது. அந்நாளில் நகரவாயிலே நீதிமன்றம். தாண், கேசேர் முதலிய இடங்களில் அகழ்ந்தெடுத்த பழைய வாயில்களில் கல்லிருக்கைகளை இன்றும் காணலாம். பத்து மூப்பர் முன்னிலையில் போவாஸ், எலிமெலேக்கின் நிலத்தை மீட்க உடன்படுகிறாயா என்று வினவினான். மற்றவன் உடன்பட்டான். நிலத்தோடு ரூத்தும் வருவாள், இறந்தவன் பெயரை நிலைநிறுத்தவேண்டும் என்றவுடன், தன் சொத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சிப் பின்வாங்கினான். சட்டப்படி நோக்கினால் அவன்மேல் குற்றமில்லை. நிலம் மீட்பதைப் பற்றிய லேவியராகம விதி மணத்தைக் குறிப்பிடவில்லை. மணத்தைப் பற்றிய உபாகம விதி உடன்பிறந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். போவாஸையும் எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் விரும்பியே ஏற்றான். தன் உரிமைக்குப் பங்கம் வராமல் காத்துக்கொண்ட அந்த மனிதனை நூலாசிரியர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘பெலோனி அல்மோனி’ என்கிறார். நம் வழக்கில், ‘இன்னார்’ என்று பொருள். பிறர் பெயரைக் காக்க மறுத்தவனின் பெயர் இவ்வாறு மறைந்தது.

நகோமி வழியிடை வாழ்த்தியபோது சொன்ன அந்தப் பரிவுக்கு எபிரெயச் சொல் ‘ஹெஸெத்’. இந்நூலில் அது மூன்று முறை வருகின்றது. முதலாவது, மருமக்கள் இருவரும் செய்ததும் கடவுள் செய்யவேண்டியதுமாக. இரண்டாவது, போவாஸின் வயலைப் பற்றிக் கேட்டவுடன் நகோமியின் வாயில்; அங்கே கடவுளின் ஹெஸெத்தா போவாஸின் ஹெஸெத்தா என்று பிரித்தறிய இயலாதபடி வாக்கியம் அமைந்துள்ளது. மூன்றாவது, களத்தில் ரூத்தைப் போவாஸ் புகழும்போது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மேல் தனி ஈடுபாடு உண்டு. ஏனெனில் இதற்கு நேர்ச்சொல் கிடைத்தவர் எவருமில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இரக்கம் என்றனர். ஆங்கிலத்தில் கவர்டேல் என்பார் 1535-இல் அன்பையும் கருணையையும் ஒட்டி ஒரு புதுச்சொல்லையே படைத்தார். தமிழ் வேதாகமத்தில் இவ்விடத்தில் ‘தயை’ நிற்கின்றது. தயை மேலிருந்து கீழே இறங்குவது. ஹெஸெத்தோ ஒருவரோடு ஒருவர் ஏற்கெனவே பிணைந்திருப்பதால் எழுவது, அப்பிணைப்பு கேட்பதற்கும் மேலாகக் கொடுப்பது. திருக்குறளில் ‘கண்ணோட்டம்’ என்றோர் அதிகாரம் உண்டு. தம்மொடு பழகியவர் கேட்பதை மறுக்கமாட்டாத தன்மை என்ற முறையில் பரிமேலழகர் அதற்குப் பொருள் விரித்தார். ஹெஸெத்துக்கு மிக அருகில் வரும் தமிழ்ச்சொல் அதுவாகலாம் என்பது என் கருத்து. எனினும் மரணம்வரை நீளும் உறுதி அதில் முழுவதும் அடங்குமா என்ற ஐயமும் எனக்கு உண்டு.

தமிழோடு இந்நூலுக்கு வேறொரு தொடர்பும் இருக்கின்றது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து அச்சேற்றிய பின்னர், பழைய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து மொழிபெயர்த்து வந்தார். ரூத்தின் நூல்வரை வந்தபோது, 1719-இல் தம் முப்பத்தாறாம் வயதில் காலமானார். எஞ்சியதை அவருக்குப்பின் வந்த சூல்ச்சு முடித்தார். தம் மண்ணைவிட்டு வந்து இங்கேயே அடக்கமான ஒரு ஜெர்மானியரின் பணி, வந்த நாட்டிலேயே அடக்கமாவேன் என்று உறுதி கூறிய பெண்ணின் கதையோடு நின்றது.

இந்நூல் எப்போது எழுதப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. கதை நடப்பது அரசர் தோன்றுமுன். ஆனால் ஊர்வாயிலில் ஒருவன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்ட சடங்கை, முற்காலத்து வழக்கம் இது என்று நூலே விளக்குவதால், எழுதியவர் பின்னாளில் வாழ்ந்தவர் என்பது தெளிவு. அரசர் காலத்தது என்பார் சிலர். பாபிலோனியச் சிறைவாசத்திற்குப் பிந்தியது என்பார் வேறு சிலர். பிந்தியதாயின் அதன் பொருள் கூர்மையடைகின்றது. வழக்கமான கணக்குப்படி கி.மு. 458-இல் எருசலேமுக்கு வந்த எஸ்றா என்ற வேதபாரகர், மக்கள் மோவாபியர் முதலிய அயலாரின் பெண்களை மணந்திருப்பது கண்டு ஆடையைக் கிழித்து அழுதார். ஒன்பதாம் மாதம் இருபதாம் நாள், கடுமழையில் நனைந்து நடுங்கியவாறு மக்கள் ஆலய முற்றத்தில் கூடினர். அயல்நாட்டு மனைவியரை விலக்குவது என்று முடிவாயிற்று. அவர்களை மணந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆடவர்களின் பெயர்ப்பட்டியல் எஸ்றாவின் நூலில் இருக்கின்றது. அனுப்பப்பட்ட பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. சில ஆண்டுகளுக்குப்பின் நெகேமியாவின் காலத்திலும், மோவாபியரை விலக்கும் அந்தப் பழைய விதி மக்கள் கேட்க வாசிக்கப்பட்டது.

எஸ்றாவைக் கொடியவர் என்று தள்ளிவிடுதல் எளிது. பேரரசு ஒன்றின் மூலையில், இடிந்த மதிலுக்குள் ஒரு சிறு கூட்டம். பிள்ளைகளுட் பாதிப்பேர் தாய்மொழி பேச அறியாதிருந்தனர் என்று நெகேமியா நொந்து எழுதினார். கரைந்துபோவோம் என்ற அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தின் விலையைச் செலுத்தியவர்கள் மழையில் பிள்ளைகளோடு திரும்பி நடந்த தாய்மார்கள் என்பதும் பொய்யன்று. அத்தகைய காலத்தில் ‘மோவாபியப் பெண்ணாகிய ரூத்’ என்று ஐந்து இடங்களில் அழுத்திச் சொல்லும் ஒரு கதையை மக்கள் கேட்டிருந்தால், அது வெறும் கதையாக அவர்கள் செவியில் விழுந்திராது. மணம் முடிந்தபின் அந்த அடைமொழி மறைந்து, அவள் ரூத் மட்டுமே ஆகிறாள். பின்வந்த யூத ஆசிரியர்கள் விதியையும் விடாமல் ரூத்தையும் விடாமல் ஒரு வழி கண்டனர்: விலக்கு மோவாபிய ஆண்களுக்கே, பெண்களுக்கு அன்று என்று மிஷ்னாவில் தீர்ப்பு எழுதினர்.

ரூத்துக்கு ஆண்மகவு பிறந்தது. ஓபேத் என்று அதற்குப் பெயரிட்டவர்கள் அண்டை வீட்டுப் பெண்கள். நகோமிக்கு மகன் பிறந்தான் என்றார்கள் அவர்கள். ஏழு புதல்வரினும் மேலான மருமகள் பெற்றது என்றும் சொன்னார்கள். வெறுமையாக வந்தேன் என்று அழுதவள் அக் குழந்தையை மடியில் ஏந்தி வளர்த்தாள். நூல் ஒரு வமிச வரிசையோடு முடிகின்றது. பேரேஸ் முதல் பத்துத் தலைமுறை. போவாஸ் ஏழாமவன், ஓபேத் எட்டாமவன், ஈசாய் ஒன்பதாமவன், பத்தாமவன் தாவீது. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் உள்ளே வரலாகாது என்ற விதியின் நிழலில், மோவாபியப் பெண்ணின் கொள்ளுப்பேரன் அரியணைக்குரியவனாய் நிற்கிறான்.

அரியணை ஏறுவதற்கு முன் தாவீது பல காலம் காட்டிலும் குகையிலும் ஒளிந்து திரிந்தான். சவுல் மன்னன் அவன் உயிரை வேட்டையாடிக்கொண்டிருந்தான். அந்நாட்களில் நிகழ்ந்த ஒன்றைச் சாமுவேலின் முதல் நூல் இரண்டே வசனங்களில் காரணம் கூறாமல் சொல்லிச் செல்கின்றது. முதிர்ந்த தாய் தந்தையரைச் சொந்த நாட்டில் வைத்துக் காக்க இயலாத தாவீது, அவர்களை அழைத்துக்கொண்டு சாக்கடலுக்கு அப்பாற் சென்றான். கடவுள் தனக்கு என்ன செய்யப்போகிறார் என்று தெரியும்வரை அவர்களை உம்மிடம் இருக்கவிடும் என்று மோவாபின் அரசனிடம் வேண்டினான். அரசன் இசைந்தான். தாவீது கோட்டையில் மறைந்திருந்த நாள்முழுதும், ரூத்தின் பேரனாகிய ஈசாய் தன் மனைவியோடு, பாட்டி பிறந்த நாட்டில் தங்கியிருந்தான்.